மெழுகுதிரி ஏற்றக்கூடாத ரஷ்யர்

பாதிப் பல் உடைந்த சீப்பு ஒன்றை வலக்கையின் மூன்று விரல்கள் பிடித்திருக்கின்றன. இடக்கைப் பெருவிரல் ஈரக் களிமண்ணில் ஒரு நாடியைத் தாங்கியிருக்கிறது. சீப்பு கன்னத்தில் தொடங்கி, ஒருமுறை உள்ளே வளைந்து, ஒருமுறை வெளியே வளைந்து, நாடிக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. தாடியில் ஓர் அலை விழுந்துவிட்டது. விரல்கள் சீப்பைத் தகரப் பேணித் தண்ணீரில் நனைத்து, ஒரு நெல்மணி அகலம் விட்டு அடுத்த அலையைத் தொடங்குகின்றன. நெல்மணி என்றால் நெல்மணியேதான். இந்தக் கைகள் கண்மட்டத்தை நம்புவதில்லை. பேணிக்குப் பக்கத்தில் அளவுக்கென்று ஒரு நெல்மணி வைக்கப்பட்டிருக்கிறது.

பதினோராவது அலை முடிந்ததும் கைகள் நின்றன. அவற்றுக்கு உரியவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

“சூசையப்பர்,” என்றார், வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோல.

அவரிடம் கேட்கப்பட்டது கோயில் மாடத்துச் சூசையப்பர் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மொஸ்கோவில் காலமான ஒரு கணிதப் பேராசிரியர்.

அவர் பெயர் சந்தியோகு. வயது அறுபத்தொன்று. கொழும்புத்துறைக் கரையில் பைபர் வள்ளங்களுக்குப் பொத்தல் அடைக்கிறவர். தகப்பன் மரவள்ளம் கட்டிய ஓடாவி. பைபர் வந்த நாளில் தகப்பன் அதை நின்ற இடத்திலேயே நின்று திட்டினார். மகன் றெசின் பசை வாளியைத் தூக்கினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பேணியில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்தும், வாசித்து விளங்காததைக் கையால் செய்து பார்த்தும் படித்துக்கொண்டார். றெசினை இறுக வைக்கிற மருந்து கூடிப்போனால் வாளி கொதிக்கும் என்ற பாடத்துக்கு போட்டிருந்த சேட்டும் ஒரு புருவமும் செலவாயின. புருவம் திரும்ப வளர்ந்தது, கொஞ்சம் மேலே தள்ளி. அதனால் சந்தியோகு எதைக் கேட்டாலும் ஒரு கண்ணால் நம்பாததுபோல இருப்பார்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த ஆண்டு, ஊர்ச் சிற்றாலயத்தில் அந்தோனியார் மூக்கில்லாமல் நின்றார். “வள்ளத்துக்குப் பொத்தல் அடைக்கிறனீ, மூக்கையும் ஒருக்காப் பாரன்,” என்று அப்போதிருந்த பங்குச் சுவாமி கேட்டார். சந்தியோகு வள்ளத்துக்குப் போடுகிற அதே நார்ப்பாயில் மூன்று அடுக்கு வைத்து மூக்குச் செய்தார். இன்றுவரை அந்த மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

அதற்குப் பிறகு கோயில்களுக்குச் சுரூபம் செய்வது அவருடைய இரண்டாம் தொழிலாயிற்று. நாற்பத்து மூன்று சுரூபங்கள். களிமண்ணில் உருவம் பிடித்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் நார்ப்பாயும் றெசினும் வைத்து எடுப்பார். உள்ளே வெறும் காற்று. அதனால் ஆளுயரப் புனிதரையும் இரண்டு பெண்கள் தூக்கிப் போகலாம். ஓராண்டு பெருநாளில் வாடைக் காற்று அதை இன்னும் இலகுவாக்கியது. ஊர்வலக் கூட்டில் நின்ற செபஸ்தியாரைத் தூக்கிக் கடலேரியில் போட்டது. அம்புகளோடு மிதந்துபோனவரை, சந்தியோகுவின் கூட்டாளி சிமியோன் வள்ளத்தில் துரத்திப்போய்ப் பாசையூருக்குக் கிட்ட மறித்தார். அன்று முதல் சந்தியோகு சுரூபங்களின் அடிக்குள் சீமெந்து ஊற்றுகிறார்.

ஆனால் மனித முகம் அவருக்கு வரவில்லை. ஒரேயொரு முறைதான் முயன்றார். கடற்றொழிலாளர் சங்கத்தின் காலமான தலைவருக்குச் சிலை கேட்டு வந்தார்கள். இரண்டு மாதம் செய்தார். தலைவருடைய மகள் பார்த்துவிட்டு, “நாங்கள் அப்பாவைக் கேட்டனாங்கள். நீங்கள் சூசையப்பரைத் தந்திருக்கிறியள்,” என்றாள். சிலை திரும்பி வந்தது. அதற்கு ஒரு லீலிப்பூத் தடியைச் சேர்த்துத் தீவுப் பக்கக் கோயில் ஒன்றுக்குக் கொடுத்தார். உயிரோடு இருந்தபோது திருமணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதித்த மனிதருக்கு அங்கே இப்போது புதன்கிழமைதோறும் செபமாலை நடக்கிறது.

அதன் பிறகு கரையில் யாராவது தாடி வளர்த்தால் சிமியோன் விடுவதில்லை. “தம்பி, சந்தியோகுவின்ரை கண்ணிலை பட்டிடாதை. பிடிச்சுக் கோயில்லை வைச்சிடுவான்.”

இப்படியிருந்தவரிடம்தான் மூன்று கிழமைக்கு முன்னர் புத்தூரிலிருந்து சீவரத்தினம் வந்தார். ஓய்வுபெற்ற நீர்ப்பாசன இஞ்சினியர். இளமையில் மொஸ்கோவில் ஆறு ஆண்டு படித்தவர். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கத் தொடங்கினாலும் நான்காவது நிமிடம் பேச்சில் மொஸ்கோ வந்துவிடும். ஊர் வாசிகசாலையில் புதிதாக ஓர் அறிவியல் அறை திறக்கப்போகிறார்கள். அதன் நடுவில் நிக்கோலாய் ஷுக்கோவ்ஸ்கிக்கு மார்பளவுச் சிலை வைக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

கொண்டுவந்த படத்தைப் பல தடவை பிரதி எடுத்திருந்தார்கள். தாடி எங்கே முடிந்து கோட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியவில்லை.

“ஆர் ஐயா இவர்?”

“தண்ணியும் காத்தும் எப்பிடி ஓடுது எண்டதைக் கணக்கிலை பிடிச்சவர். மொஸ்கோவிலை நகரத் தண்ணிக்குழாய் வெடிச்சு வெடிச்சுப் போகேக்கை, ஏன் வெடிக்குது எண்டு ஆராய்ஞ்சு எழுதினவர். ஓடி வாற தண்ணியைச் சடாரெண்டு மறிச்சால், அது நிண்ட இடத்திலை திரும்பி உதைக்கும். சம்மட்டியாலை அடிச்ச மாதிரி.”

“உது எங்கடை வீட்டுப் பைப்பிலையும் அடிக்கிறது.”

“அதேதான். உங்கடை வீட்டிலை அடிக்கிறதுக்கும் அவர் அங்கை இருந்து கணக்குச் சொல்லி வைச்சிட்டார்.”

“அப்ப அதை நிப்பாட்ட வழி?”

“பைப்பை மெல்லப் பூட்டவேணும்.”

குசினிக்குள்ளிருந்து சந்தியோகுவின் மனைவி மக்டலீனின் குரல் வந்தது. “இதைத்தானே நான் முப்பது வருசமாச் சொல்லுறன். எனக்கு ஆர் சிலை வைக்கினம்?”

சந்தியோகு அதைக் கேளாதவர்போல் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

“சரி ஐயா. கையிலை என்ன குடுக்கிறது?”

“ஆருக்கு?”

“இவருக்குத்தான். அந்தோனியாருக்குக் குழந்தை. செபஸ்தியாருக்கு அம்பு. சூசையப்பருக்கு லீலிப்பூ. கையிலை ஒண்டு இருந்தால்தானே இன்னார் எண்டு சனத்துக்கு விளங்கும்.”

“மார்பு வரைக்கும்தான் சிலை. கை இல்லை.”

“கையும் இல்லையோ!”

“முகத்திலை தெரியவேணும்.”

முகத்தில் தெரியவேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு சுவாமியும் அவரிடம் கேட்டதில்லை.

சீவரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “சந்தியோகு, உள்ளதைச் சொல்லுறன். வாசிகசாலையிலை பாதிப்பேர் இதுக்கு மறுப்பு. செயலாளர் உதயகலா, அந்த நடு இடத்திலை தண்ணி வடிகட்டுற மிசின் வைப்பம் எண்டு நிக்கிறா. ‘கொண்டு வாங்கோ, பாப்பம். விஞ்ஞானி மாதிரி இருந்தால் வைப்பம், சாமியார் மாதிரி இருந்தால் மிசின்தான்’ எண்டு கூட்டத்திலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டா. ஆவணி இருபது திறப்பு.”

“என்னட்டை ஏன் ஐயா வந்தனீங்கள்? என்ரை சங்கதி தெரியாதோ?”

“அந்தோனியாற்றை மூக்கைப் பாத்தனான். தண்ணிக்கு நிக்கிற வேலை. மிச்சத்தை நீங்கள் பாப்பியள்.”

அவர் போன பிறகு சந்தியோகு மக்டலீனிடம் சொன்னார்: “இதுவும் சூசையப்பராப் போச்சுதெண்டால் இனி மனிசர் முகத்திலை கை வைக்கமாட்டன்.”

“வைக்காதேங்கோ. முதல்லை அந்தப் பைப்பை மெல்லப் பூட்டுங்கோ.”

அப்படித் தொடங்கிய வேலையில்தான் பதினொரு அலை விழுந்து, சூசையப்பர் திரும்பி வந்திருந்தார். அலைகளை அழித்து ஏழாகப் போட்டார். இளைய சூசையப்பர் வந்தார். நெற்றியில் மூன்று கோடு இழுத்தார். கவலைப்படுகிற சூசையப்பர் வந்தார். களிமண் வெடிக்காமல் இருக்க ஈரச் சாக்கைத் தலைமேல் போட்டு, ஒழுங்கையைப் பார்த்த கொட்டிலில் வைத்துவிட்டு, ஒரு வள்ளத்துக்கு அடிப்பக்கம் தேய்க்கப் போனார்.

திரும்பி வந்தபோது களிமண்ணுக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

ஏற்றியது அடுத்த வீட்டு றொசாந்தி. அவள் கணவன் ஜெரிசனின் வள்ள எஞ்சின் மூன்று நாளாக இழுத்தும் உயிர் வரவில்லை. ஈரச் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு கவலையோடு பார்த்திருந்த தாடி முகத்தை ஒழுங்கையால் போனபோது கண்டாள். எந்தப் புனிதர் என்று தெரியவில்லை. தெரியாதவர் என்றால் வேலையும் குறைவாக இருக்கும், கெதியாகக் கேட்பார் என்று நினைத்தாள். அன்று பின்னேரமே எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது.

“பிளக்கைக் கழட்டித் துடைச்சது நான்!” என்று சிமியோன் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். “மண்ணெண்ணெய் விட்டு, பிறஸ் போட்டுத் துடைச்சனான். எனக்கொரு திரி இல்லை!”

யாரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் ஏழு திரி எரிந்தது. ஒரு தாய் மகனின் விசாவுக்காகக் கனகாம்பர மாலையோடு வந்தாள். தோளில் ஒட்டிவைத்த திரியின் மெழுகு களிமண் தாடியில் வழிந்து எட்டாவது அலையும் உண்டாகியிருந்தது. ஒரு சுரூபக்காரனுக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. சந்தியோகுவுக்கோ ஒவ்வொரு திரியும் தன் முகவேலைக்குப் போட்ட பிழைக்குறியாகத் தெரிந்தது. காலையும் மாலையும் எண்ணினார். குறைவதாக இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சீவரத்தினம் வந்து இறங்கினார்.

திரிகளையும் மாலையையும் பார்த்தார். மாலைக்குள் கையை விட்டு ஷுக்கோவ்ஸ்கியைத் தேடினார். பிறகு, இஞ்சினியர் எதையும் பார்க்கிற மாதிரி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கத்தில் நின்றுவிட்டார்.

“சந்தியோகு. இஞ்சை தலை எங்கை?”

“முன்னுக்கு இருக்குது ஐயா.”

“பின்னுக்கு?”

பின்னுக்குச் சுவர்போலத் தட்டையாக இருந்தது. கோயில் சுரூபம் மாடத்துக்குள் முதுகைக் கொடுத்து நிற்பது. அதற்குப் பின்பக்கம் செய்வது மண்ணுக்கும் நேரத்துக்கும் நட்டம். நாற்பத்து மூன்று சுரூபங்களில் ஒன்றுக்கும் சந்தியோகு பிடரி வைத்ததில்லை. இதற்கும் வைக்கவில்லை. அப்படியொரு பக்கம் இருக்கிறது என்ற நினைவே அவர் கைகளுக்கு வரவில்லை.

“மொஸ்கோப் பேராசிரியர், சந்தியோகு! மூளை இருக்கிற பக்கத்தைக் காணேல்லை! நடு மேசையிலை வைக்கப்போறம். பிள்ளையள் சுத்திவரப் பாக்குங்கள்.”

சீவரத்தினத்துக்குக் கோபம் அதிக நேரம் நிற்காது. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தில் போய் இருந்து, அதன் பின்பக்கத்தைக் கையால் தட்டினார்.

“இஞ்சை வாருங்கோ. இதைப் பாருங்கோ. தண்ணிக்கு முன்பக்கம் அவ்வளவு பெரிய விசயமில்லை. அணியம் கொஞ்சம் மொட்டையா இருந்தாலும் தண்ணி விலத்திக்கொண்டு போகும். பிரிஞ்ச தண்ணி பின்னாலை எப்பிடி வந்து சேருது எண்டதிலைதான் எல்லாம் கிடக்கு. பின்பக்கம் பிழைச்சால் சுழி விழும். சுழி விழுந்தால் வள்ளத்தைப் பிடிச்சு இழுக்கும்.”

“உது எங்கடை அப்புவுக்கே தெரியும்.”

“தெரியும். எழுதி வைச்சவரோ?”

“அப்பு கையெழுத்தே வைக்கமாட்டார்.”

“இந்த மனிசன் எழுதி வைச்சவர். விமானத்தின்ரை இறக்கையைச் சுத்திக் காத்து எவ்வளவு சுழலுது எண்டு சொல்லு, அது எவ்வளவு பாரம் தூக்கும் எண்டு நான் சொல்லுறன் எண்டவர். முன்பக்கம் உருண்டை, பின்பக்கம் கூர்; அப்பிடி இறக்கைக்கு ஒரு வடிவமே அவரின்ரை பேரிலை இருக்கு. முழுக்கப் பின்பக்கத்தின்ரை சங்கதி. அவருக்கே நீங்கள் பின்பக்கம் வைக்கேல்லை.”

சந்தியோகுவுக்குத் தாங்கமுடியாமல் போனது இந்தக் கடைசி வார்த்தைதான்.

சீவரத்தினம் உருகத் தொடங்கிவிட்டார். “மொஸ்கோவிலை ஒரு கதை சொல்லுவினம். தன்ரை வீட்டிலையே மாணவர்களோடை நெடுநேரம் கதைச்சுக்கொண்டு இருந்தாராம். பிறகு எழும்பித் தொப்பியைத் தேடினாராம். ‘மன்னிக்கவேணும், உங்கடை வீட்டிலை கனநேரம் இருந்திட்டன், போட்டு வாறன்’ எண்டாராம். சொந்த வீட்டிலை! அவ்வளவு யோசினை. தலைக்குள்ளை காத்தும் தண்ணியும் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கை இருக்கிறம் எண்டு எப்பிடித் தெரியும்?”

சொல்லிக்கொண்டிருந்தவரின் சேட்டைச் சந்தியோகு பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மூன்றாவது ஓட்டைக்குள் இருந்தது. கழுத்துப்பட்டியின் ஒரு காது மற்றதைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. இதே கோலத்தில்தான் இந்த மனிதர் புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்.

அதைச் சந்தியோகு கண்ணால் எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனார். வழக்கமாகப் பிரசங்கம் தொடங்குமுன்னர் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறவர், அன்று கடைசி வரிசை வாங்கில் முடியும்வரை அசையாமல் இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு தடவை திரும்பிப் பார்த்த மக்டலீன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதாவுக்கு நன்றி சொன்னார். சந்தியோகு பிடரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் நிறையப் பிடரிகள். இரண்டு மடிப்பு விழுந்தவை, மடிப்பே இல்லாதவை, காதுக்குப் பின்னால் குழி விழுந்தவை. முகத்தில் பக்தி காட்டுகிறவர்களும் பிடரியில் அவரவராகவே இருந்தார்கள். ஒன்றுகூடச் சூசையப்பர்போல இல்லை.

வெளியே சுவாமி மகிழ்ச்சியோடு கையைப் பிடித்தார். “இண்டைக்கு முழுக்க இருந்தனீங்கள். எப்பிடி?”

“எல்லாப் பிடரியும் நல்ல வடிவு சுவாமி.”

மறுநாள் சிமியோனைக் கவிழ்த்த வாளியில் கடலைப் பார்த்து இருத்தினார். பழைய களிமண்ணை மாலை, மெழுகு எல்லாம் பிரித்தெடுத்து, நல்லாகப் பிசைந்து, புதிதாகத் தொடங்கினார். இம்முறை முகத்தில் தொடங்கவில்லை. பிடரியில் தொடங்கினார்.

“திரும்பிப் பாக்கட்டோடா?”

“திரும்பினால் பிடரி எப்பிடியடா பின்னுக்கு நிக்கும்?”

“நாலு நாளாக் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். வேலைக்குப் போகாமல் கடலைப் பாக்கிற மீன்பிடிக்காரன் நான் ஒருத்தன்தான். பெண்சாதி விசர் எண்டுறாள்.” சிமியோன் தன் பிடரியைக் கையால் தடவிப் பார்த்தார். “ரஷ்யாக்காரனுக்கு என்ரை பிடரி எண்டால், நானும் பாதி விஞ்ஞானியடா.”

“ஓம். யோசிக்காத பாதி.”

பிடரி முடிந்து, காதுகள் வந்தன. காதுகளுக்குப் பின்னால் போன தலைமயிர் தானாக முன்னே வந்து கன்னத்தில் இறங்கியது. இப்போது தாடி எங்கிருந்து வருகிறது என்று கைகளுக்குத் தெரிந்தது. சீப்பைத் தொடவில்லை. நெல்மணியை எடுத்துக் கோழிக்குப் போட்டார். சிமியோன் கிளம்பிப் போனபின் வள்ளத்துறைக்குப் போய், தண்ணீரில் நட்டிருந்த கட்டைகளைச் சுற்றி நீரோட்டம் பிரிந்து சேர்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே ஒரு சுழியும் மற்றச் சுழியைப்போல இல்லை. தாடியும் அப்படியே விழுந்தது. கடைசியாகக் கோட்டுக்கு வந்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தானை எடுத்து மூன்றாவது ஓட்டையில் பூட்டினார். கழுத்துப்பட்டியின் ஒரு காது இரண்டு விரற்கடை மேலே போனது.

ஈரச் சாக்கைப் போட்டு, அதே கொட்டிலில், அதே இடத்தில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. றெசின் பீப்பாவுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

முதலில் வந்தவள் றொசாந்தி. ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையில் நெருப்புப்பெட்டி. கொட்டில் வாசலுக்கு வந்தவள் சடக்கென்று நின்றாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். திரியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பாவாடையை இழுத்து நேராக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தாள்.

“மாமி, உவர் ஆர் கொட்டிலுக்குள்ளை?”

“பழைய ஆள்தான் பிள்ளை.”

“இல்லை மாமி. பழைய சுவாமி நல்லவர். உவரைப் பாத்தால் பத்தாம் வகுப்பிலை எனக்குக் கணக்குப் படிப்பிச்ச சேர் மாதிரிக் கிடக்கு. கண்டவுடனை, செய்யாத வீட்டுக்கணக்கு ஞாபகம் வந்திட்டுது. பொத்தானும் மாறிப் பூட்டியிருக்கிறார். வீட்டிலை ஒருத்தரும் பாத்து விடுறேல்லையோ?”

மக்டலீன் வெளியே வந்து பார்த்தார். பீப்பாவுக்குப் பின்னால் கணவன் நிலத்தில் இருந்துகொண்டு முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா?”

“றெசின் மணம். கண் எரியுது.”

றெசின் பீப்பா அன்று திறக்கப்படவே இல்லை.

“அப்ப பழைய சுவாமி எங்கை மாமா?” என்றாள் றொசாந்தி. “எங்கடை வள்ள எஞ்சினுக்கு நேர்த்தி வைச்சனான். இன்னும் மூண்டு திரி கிடக்கு.”

“சிமியோனுக்கு ஏத்து,” என்றார் சந்தியோகு.

அச்சு எடுக்க ஐந்து நாள், நார்ப்பாய் வைக்க இரண்டு நாள், தேய்க்க மூன்று நாள், வெண்கல நிறத்துக்கு இரண்டு பூச்சு. அடிக்குள் சீமெந்து ஊற்றவில்லை. வாசிகசாலை மேசையில் துளை போட்டு நான்கு ஆணி இறுக்கப்போகிறார்கள். அறைக்குள் வாடைக் காற்றும் வராது.

ஆவணி இருபது காலையில் ஷுக்கோவ்ஸ்கி படுக்கைவிரிப்புச் சுற்றி ஓட்டோவின் பின் இருக்கையில் புத்தூருக்குப் போனார். ஒரு பக்கம் சந்தியோகு. மறுபக்கம், தன் பிடரியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் கடமை என்று சொல்லி ஏறிய சிமியோன்.

வாசிகசாலை வாசலில் சீவரத்தினம் தோய்த்து மடித்த வேட்டியும் புதுச் சேட்டுமாக நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. உள்ளே நடு மேசை வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே, பெட்டி பிரிக்காமல், தண்ணீர் வடிகட்டுகிற மிசின். இன்றைக்குள் ஒன்று மேசையில் ஏறும்.

செயலாளர் உதயகலா முன்னால் வந்தார். நாற்பது வயதிருக்கும். சுற்றி வளைத்துப் பேசாத முகம். “அவிழுங்கோ அண்ணை,” என்றார்.

சந்தியோகு விரிப்பை எடுத்தார். சிலையை வாசல் வாங்கில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். உதயகலா முன்னால் நின்று பார்த்தார். பக்கத்தில் நின்று பார்த்தார். பின்னால் போனார். அங்கே நெடுநேரம் நின்றார். சிமியோன் தொப்பியைக் கழற்றி, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகத் திரும்பி நின்றுகொண்டார்.

“பின்பக்கம் நல்லாச் செய்திருக்கிறியள்,” என்றார் உதயகலா.

“நன்றி தங்கச்சி,” என்றார் சிமியோன்.

உதயகலா முன்னுக்கு வந்தார். “சாமியார் இல்லை. வாத்தியார்தான். பாத்தாத் தெரியுது.” சீவரத்தினம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். “ஆனால் அண்ணை, பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு. பிள்ளையள் சிரிக்கப்போகுதுகள். திருத்தித் தரேலாதோ?”

“திருத்தலாம் பிள்ளை,” என்றார் சந்தியோகு. “திருத்தினால் கும்பிடத் தொடங்கிவிடுவினம்.”

உதயகலாவுக்கு இது விளங்கவில்லை. விளக்கம் கேட்கச் சீவரத்தினத்தின் பக்கம் திரும்பினார். அவருடைய புதுச் சேட்டில் பார்வை நின்றது. திரும்பிச் சிலையைப் பார்த்தார். மறுபடியும் சேட்டைப் பார்த்தார்.

“என்ன?” என்றார் சீவரத்தினம்.

“ஒண்டுமில்லை சேர். அப்பிடியே இருக்கட்டும். மிசினை மூலைக்குள்ளை வைப்பம்.” சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். “தாருங்கோ அண்ணை, நானே கொண்டுபோய் வைக்கிறன்.”

உதயகலா படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சீமெந்துச் சிலை இருந்தது. அதை இடம் மாற்ற ஆறு பேர் வந்ததைப் பார்த்திருக்கிறார். அதனால் காலை அகட்டி வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். சந்தியோகு இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டிய சிலையைத் தோளுக்குக் கீழே இறுகப் பற்றினார்.

“பிள்ளை, பாரம் இல்லை, மெல்ல—”

உதயகலா முழுப் பலத்தோடு தூக்கினார்.

ஷுக்கோவ்ஸ்கி எழுந்தார். உதயகலாவின் கையை விட்டு, அவர் தலைக்கு மேலால், வாசல் கூரையில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே வரை போனார். தாடி ஒருமுறை வெயிலில் மினுங்கியது.

“அய்யோ, என்ரை பிடரி!” என்றார் சிமியோன்.

“பறக்கிறார்!” என்று கத்தினார் சீவரத்தினம். பயத்திலா சந்தோசத்திலா என்று அவருக்கே தெரியாது.

வந்த வழியே இறங்கியவரை உதயகலா மார்போடு அணைத்துப் பிடித்தார். வெண்கலத் தாடி அவர் தோளில் வந்து படிந்தது.

“பிடிச்சிட்டன் அண்ணை,” என்றார் உதயகலா.

சந்தியோகு கீழே விரித்துப் பிடித்திருந்த கைகளை அப்போதுதான் எடுத்தார்.